மேல்மாடி கட்டமுன் வேறொரு இஞ்சினியரிடம் காட்டவேணுமா? (உப்புவெளி வீடு)

வாடைக்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கள் வீடு உப்புவெளியில். கடற்கரைக்கு நடந்துபோக மூன்று நிமிடம் கூட ஆகாது. சுனாமிக்குப் பிறகு 2007இல் அப்பா கட்டினவர். கீழ்த்தட்டு மட்டும்தான், மேலே சிலாப். எல்லோரும் செய்வதுபோல அப்பாவும் "நாளைக்குப் பிள்ளைகள் மேலே கட்டுவினம்" என்று தூண் கம்பிகளைச் சிலாப்புக்கு மேலே ஒன்றரை அடி நீட்டி விட்டிருக்கிறார். துருப்பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலைக் கவிழ்த்து வைத்தவர். போத்தல்கள் வெயிலில் பொரிந்து உதிர்ந்து கனகாலம். அப்பாவும் இப்போது இல்லை.

நானும் கனடாவில் இருக்கிற தம்பியும் சேர்ந்து மேலே இரண்டு தட்டுப் போட்டு, ஆறு அறை கட்டி, இங்கே வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று யோசிக்கிறோம். உச்சியில் 2000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி இரண்டு வரும். கொந்தராத்துக்காரர் நல்ல மனிசன், இந்தப் பக்கத்தில் நாலைந்து வீடு கட்டியவர். அவரே ஒரு இஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் நின்றார், விறாந்தைத் தூணை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார், "பிரச்சினை இல்லை, தாங்கும்" என்றார், போய்விட்டார்.

எனக்குத்தான் நித்திரை வரவில்லை. குசினிப் பீமின் அடியில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, ஆறடி இருக்கும். போன மாரி முடிந்த பிறகு அதிலிருந்து தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கறை இறங்கியிருக்கிறது. போன கிழமை பூச்சுத் துண்டொன்று கழன்று நேரே சோற்றுப் பானைக்குள் விழுந்தது. கொந்தராத்துக்காரரிடம் காட்டினால், "அது சும்மா பூச்சு வெடிப்பு ரீச்சர், ஒரு கை சீமெந்து போட்டால் சரி" என்கிறார்.

கையில் இருப்பது சபை அங்கீகரித்த பிளான் மட்டும். அறை, கதவு, யன்னல் எல்லாம் இருக்கிறது. கம்பி எத்தனை, அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு சொல் இல்லை.

தம்பி, "ஒரு இஞ்சினியர் பார்த்துச் சொல்லிவிட்டார்தானே, இன்னொருவருக்கு எதற்குக் காசு" என்கிறான். கொந்தராத்துக்காரர் மனம் நோகுமோ என்றும் இருக்கிறது. நான் கணக்குப் படிப்பிக்கிறவள், கட்டிடம் தெரியாது. எந்தக் கட்டத்தில்தான் வெளியாள் ஒருவரைக் கூப்பிட வேண்டும்? என்னைப்போல் சின்ன வீட்டுக்காரருக்கும் அது தேவையா, இல்லை ஹோட்டல், ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய கட்டிடங்களுக்குத்தானா?

மட்டிக்களி மேசன்:

ரீச்சர், கோபிக்க வேண்டாம், இந்த இரண்டாவது இஞ்சினியர், மூன்றாவது இஞ்சினியர் எல்லாம் காசு உள்ள ஆட்களுடைய விளையாட்டு. நான் 28 வருடமாகச் சாந்தகப்பை பிடிக்கிறேன். திருகோணமலையில் பாதி வீடு இஞ்சினியர் முகமே காணாமல் கட்டினது, எல்லாம் நிற்குது. 2007 வீடென்றால் அப்போது கம்பி நல்ல கம்பி. ஆற்று மண்ணும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து நல்லதாக வந்த காலம். தூண் ஒன்பதுக்கு ஒன்பது இருந்து, நாலு கம்பி ஓடியிருந்தால் தைரியமாக ஏற்றலாம். குசினி வெடிப்பை மட்டும் கொத்திப் பூசுங்கோ.

கொட்டியாரக்குடா:

ரீச்சர், நான் கட்டமைப்பு இஞ்சினியர், ஊர் பாலையூற்று, இப்போது வேலை கொழும்பில். மேசன் அண்ணை சொன்னதில் ஒன்று உண்மை: நிறைய வீடு நிற்குதுதான். ஆனால் அவை நிற்பது இப்போது மேலே இருக்கிற பாரத்துக்கு. நீங்கள் கேட்பது இன்னும் இரண்டு வீட்டைத் தூக்கி அதன் தலையில் வைக்கலாமா என்று.

கணக்கு ரீச்சர் என்றபடியால் கணக்காகவே சொல்கிறேன். கீழ்த்தட்டு 1000 சதுர அடி, சிலாப் 5 அங்குலம் என்று வைப்போம். கொங்கிறீற்று ஒரு கன மீற்றர் 2.4 தொன். அப்படியென்றால் ஒரு சிலாப் மட்டும் 28 தொன் வரும், இரண்டு சிலாப் 56. ஆறு அங்குலக் கல்லுச் சுவர், பூச்சோடு, பத்தடி உயரத்துக்கு, ஓரடி நீளம் கிட்டத்தட்டக் கால் தொன். ஒரு தட்டில் 200 அடி சுவர் ஓடும், ஆக இரண்டு தட்டுக்கு 100 தொன். தண்ணீர்த் தாங்கி இரண்டும் நிரம்பினால் 4 தொன். மாபிள், கட்டில், ஆட்கள் எதையும் இன்னும் சேர்க்கவில்லை, அதற்குள் 160 தொன். 12 தூண் இருந்தால் தூணுக்கு 13 தொன்னுக்கு மேல் புதிதாக இறங்கும், நடுத்தூண்களுக்கு அதைவிடக் கூட. அந்தப் பாரம் கடைசியில் போய் நிற்பது தூணில் இல்லை, அதன் கீழே மண்ணுக்குள் இருக்கிற கொங்கிறீற்றுப் பாதத்தில். பாதம் மூன்றடிக்கு மூன்றடி என்றால் சதுர மீற்றருக்கு 15 தொன் கூடுகிறது, அதுவும் இப்போது இருக்கிற பாரத்துக்கு மேலே. எங்கள் கரையோர மணலை நான் சோதிக்காமல் மொத்தமாகவே 10, 15 தொன்னுக்கு மேல் நம்பமாட்டேன். அப்பா போட்ட பாதம் எத்தனை அடி என்று யாருக்காவது தெரியுமா? விரல் முட்டியால் தட்டினவருக்கும் தெரியாது.

அடுத்தது குசினி வெடிப்பு. பூச்சு வெடிப்பு வலை மாதிரி, சிலந்தி பின்னினதுபோல அங்குமிங்கும் ஓடும். தூணும் கல்லுச் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக ஒரு மெல்லிய வெடிப்பு வரும், இரண்டும் வேறு வேறு சாமான் என்பதால். இவற்றுக்காக யாரையும் கூப்பிட வேண்டாம், பூசிவிட்டு வேலையைப் பாருங்கோ. உங்களுடையது அப்படி இல்லை. பீமின் அடியில், நீளத்துக்கு, கம்பி ஓடுகிற கோட்டிலேயே வெடித்து, அதிலிருந்து பழுப்புக் கறை இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளேயிருந்து நெம்பி கொங்கிறீற்றை வெளியே தள்ளும். அதற்கு மேல் சீமெந்து பூசினால் கறை மறையும், துரு நிற்காது. தயவுசெய்து பூசவேண்டாம், பார்க்க வருகிறவருக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த வெடிப்புத்தான்.

கடலோரத்தில் இது ஏன் கெதியாக நடக்கிறது என்றால், வாடைக்காற்றோடு வருகிற உப்புத் தூவானம் கொங்கிறீற்றுக்குள் மெல்ல மெல்ல ஊறும். கம்பிக்கு மேல் மூடியிருக்கிற கொங்கிறீற்று, நாங்கள் கவர் என்று சொல்வது, இந்த மாதிரி இடத்தில் 40, 50 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். வீட்டு வேலைகளில் நான் அளந்து பார்த்தது அதிகமும் 15, 20. (பிரட்றிக் கோட்டைச் சுவர் நானூறு வருடத்துக்குக் கிட்டக் கடலுக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்குதே என்று யாராவது கேட்கமுன் சொல்கிறேன்: அதற்குள் கம்பி இல்லை. உப்புக்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை.)

சரி, எப்போது வெளியாளைக் கூப்பிடுவது. வீடு சின்னதா பெரிதா என்பதை நான் பார்ப்பதே இல்லை. கட்டிடத்திடம் முதலில் கேட்காத ஒன்றை இப்போது கேட்கிறீர்களா என்றுதான் பார்ப்பேன். மேலே தட்டு ஏற்றுவது, வீட்டைக் கடையாகவோ களஞ்சியமாகவோ மாற்றுவது, "இந்தச் சுவரை எடுத்தால் ஹோல் பெரிதாகும்" என்று நடுச்சுவரை இடிப்பது, சிலாப்பில் நீச்சல் தடாகம் வைப்பது (ஒரு மீற்றர் ஆழத் தண்ணீர், சதுர மீற்றருக்கு ஒரு தொன்), எல்லாம் இதற்குள் வரும். கட்டிடமே வாய் திறந்து பேசத் தொடங்கினாலும் கூப்பிட வேண்டும்: கம்பிக் கோட்டில் வெடிப்பு, பீம் முனையில் தூணுக்குப் பக்கத்தில் சரிவாக ஓடும் வெடிப்பு, கல்லுச் சுவரில் படிக்கட்டு மாதிரி இறங்கும் வெடிப்பு, முந்தி நன்றாகப் பூட்டின கதவு இப்போது இறுகுவது. வரைபடம் ஒருவரிடமும் இல்லாதபோதும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஓம்" என்று சொல்கிறவருக்கு அந்த "ஓம்" இல்லாமல் காசு வராதென்றால், கட்டாயம். உங்கள் விஷயத்தில் இதில் எத்தனை பொருந்துகிறதென்று நீங்களே எண்ணிப் பாருங்கோ.

கொந்தராத்துக்காரர் கூட்டிவந்த இஞ்சினியர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் காசு கொடுப்பது யார், வேலை நின்றுபோனால் நட்டம் யாருக்கு என்று மட்டும் பாருங்கோ. தனியாக வருகிறவர் உங்களிடம் காசு வாங்கவேண்டும், உங்கள் பெயருக்கு எழுத்தில் ரிப்போட் தரவேண்டும், திருத்த வேலையைத் தானே எடுக்கக் கூடாது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் பட்டயப் பொறியியலாளரா, கட்டமைப்புத் துறைதானா என்று கேளுங்கோ. 2017ஆம் ஆண்டு 4ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியல் பேரவையில் பதிவும் இருக்கவேண்டும். வெட்கப்படாமல் பதிவு இலக்கம் கேட்கலாம், நல்லவர் கோபிக்கமாட்டார்.

நீட்டி விட்ட கம்பிகளை ஒருக்கா அளந்து சொல்வீர்களா? துருவைத் தட்டிவிட்டு அளக்கவேண்டும்.

மட்டிக்களி மேசன்:

ஐசே, 15 மில்லிமீற்றர் கவர் எங்கள் ஆட்களுடைய பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். கவர் கட்டை வைக்கச் சொன்னால் பொடியள் சின்னக் கல்லுத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போவான்கள், கொங்கிறீற்றுப் போடும்போது அது உருண்டு கம்பி பலகையில் படுத்துவிடும். பலகை கழற்றினால் சிலாப் அடியில் கம்பி கோடாகத் தெரியும். அதற்கு மேல் பூசி மறைப்பதுதான் வழக்கம். ஆனாலும் 160 தொன் என்றது கொஞ்சம் பயங்காட்டல்.

கொட்டியாரக்குடா:

அண்ணை, நீங்களே ஒரு தட்டுக்கு எத்தனை கல்லு, எத்தனை பை சீமெந்து, எத்தனை கியூப் மண் இறக்குவீர்கள் என்று கூட்டிப் பாருங்கோ. லொறிக்காரனிடம் கேட்டாலும் சொல்லுவான்.

கிண்ணியா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். ரீச்சர், என் கதை வேறு மாதிரி, ஆனால் உதவும். எனக்கு ஒரு துணிக்கடை, ஒரு தட்டுத்தான். பக்கத்துக் காணிக்காரர் போன வருடம் நிலக்கீழ் களஞ்சியம் கட்ட என் சுவரோடு ஒட்டி எட்டடி கிடங்கு வெட்டினார். மூன்றாம் நாள் என் பின்சுவரில் படிக்கட்டு மாதிரி ஒரு வெடிப்பு. அவர் சொன்னார், "அது பழைய வெடிப்பு நானா, நீங்கள் இப்போதுதான் பார்க்கிறீர்கள்" என்று. எனக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை, துணி அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்.

மச்சான் ஒருவர் சொல்லித்தந்தது: படச் சட்டக் கண்ணாடியில் விரல் அகலத் துண்டு வெட்டி, வெடிப்புக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டினேன். பென்சிலால் வெடிப்பின் நுனியில் ஒரு கோடு, திகதி. காலையில் ஒட்டினது, அஸருக்குத் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடி நடுவால் முறிந்திருக்கிறது, வெடிப்பு நுனியும் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போய்விட்டது. அன்றிரவே கடையைப் பூட்டிவிட்டேன், அடுத்த நாள் சொந்தக் காசில் இஞ்சினியர். அவர் கிடங்கைப் பார்த்த உடனே வேலையை நிற்பாட்டச் சொல்லி, மண்மூட்டை அடுக்கி, பிறகு துண்டு துண்டாக வெட்டிக் கட்டச் சொன்னார். எழுத்தில் இருந்தபடியால் பக்கத்துக்காரரும் பேசாமல் கேட்டார். நான் வாயால் சொல்லிக்கொண்டு நின்றிருந்தால் இன்றைக்கும் சண்டைதான்.

வெடிப்பு ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அல்லது வந்துவிடும்.

நிலாவெளிப் பொடியன்:

நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் கசப்பானவன். ஒரு விடுதியில் மேற்பார்வை வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். மூன்றாம் தட்டுச் சிலாப் போட்டு முடிந்த பிறகுதான் முதலாளிக்குச் சந்தேகம் வந்து வெளி இஞ்சினியரைக் கூப்பிட்டார். வந்த மனிதர் என்ன செய்வார், நடந்து முடிந்த காரியத்துக்கு? எல்லாத் தட்டிலும் இரும்பு ஜக் கொடுத்து முண்டு வைக்கச் சொன்னார். மூன்று மாதம் சீசன் போய்விட்டது. ஏப்ரலுக்குத் திறக்க இருந்த இடம் ஓகஸ்ட்டில் திறந்தது.

ரிப்போட்டைப் பார்த்தேன், 11 பக்கம். அதில் நாலு பக்கம் "நாங்கள் பார்க்காதவை", "நாங்கள் பொறுப்பேற்காதவை". கம்பி ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை, கொடுத்த வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். வரைபடத்தில் 16 மில்லிமீற்றர் கம்பி, நான் கண்ணால் கண்டது 12 மில்லிமீற்றர். இதைச் சொன்னேன், "எனக்குத் தந்தது இதுதான் தம்பி" என்றார். ஆகவே வெளியாள் என்றாலே நம்பலாம் என்று நினைக்கவேண்டாம் அக்கா.

கொட்டியாரக்குடா:

தம்பி சொன்னது ரொம்ப முக்கியம், எங்கள் தொழிலுக்கே தெரிந்த நோய் அது. 2018 மார்ச் 15 அமெரிக்காவில் மயாமியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் விழுந்து ஆறு பேர் செத்தார்கள். அந்தப் பாலத்தின் வடிவமைப்பை வெளி நிறுவனம் ஒன்று சரிபார்த்திருந்தது! பிறகு விசாரித்தவர்கள் கண்டது: பாலம் கட்டி முடிந்த நிலையை மட்டும் அவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், கட்டும்போது இடையில் வருகிற நிலைகளைப் பார்க்கவில்லை. விழுந்தது இடையில். அதைவிடக் கொடுமை, விழமுன் பெரிய வெடிப்புகளைப் படமெடுத்துப் பார்த்துக்கொண்டு, ஆபத்தில்லை என்று கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். கீழே வீதியில் வாகனம் போய்க்கொண்டிருந்தது.

அதனால் வருகிறவரிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கோ. "வீட்டைப் பாருங்கள்" என்று சொன்னால் வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார். "இப்போது இருக்கிற தூணும் பாதமும் எத்தனை தட்டுத் தாங்கும், எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள், குசினிப் பீம் இன்று பாதுகாப்பா" என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டு மூன்று இடத்தில் கொத்திக் கம்பி பார்க்க, ஒரு தூணுக்குப் பக்கத்தில் மண் தோண்டிப் பாதம் பார்க்கச் சம்மதம் என்றும் எழுதுங்கோ. வீடு கொஞ்சம் அசிங்கமாகும், பரவாயில்லை.

இன்னொன்று. அதே மயாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைட் என்ற இடத்தில், கடற்கரையோரம், 12 மாடிக் குடியிருப்பு. 1981இல் கட்டினது. 2018இல் ஒரு இஞ்சினியர் பார்த்து, நீச்சல் தடாகத் தளத்தில் நீர்த்தடுப்பு செத்துவிட்டது, கீழேயுள்ள சிலாப் மோசமாகப் பழுதாகியிருக்கிறது, விட்டால் இன்னும் வேகமாகப் பரவும் என்று எழுதிக் கொடுத்தார். காசு யார் போடுவது என்று குடியிருப்பவர்கள் இழுபறிப்பட்டுக்கொண்டிருக்க, 2021 ஜூன் 24 விடிய ஒன்றரை மணிக்குக் கிட்ட ஒரு பக்கம் அப்படியே இறங்கியது. 98 பேர். அங்கே ரிப்போட் இருந்தது, செய்யவேண்டியதைச் செய்ய ஆளில்லை.

நாட்டுக்குள்ளே வேணுமென்றால் 2017 மே மாதம் வெள்ளவத்தையில் சரிந்த கட்டிடம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னை மௌலிவாக்கத்தில் 2014இல் 11 மாடி விழுந்து 61 பேர் போனதும்.

வாடைக்காற்று:

பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து வேணியர் இடுக்கிமானி இரவல் வாங்கிக்கொண்டு வந்து சிலாப்பில் ஏறினேன். பக்கத்து வீட்டு அன்ரி, ரீச்சருக்கு என்ன வந்தது என்று பார்த்துக்கொண்டு நின்றா. துருவைச் சுத்தியலால் தட்ட, மரப்பட்டை மாதிரி ஏடு ஏடாகக் கழன்றது. சிலாப்போடு ஒட்டின இடத்தில்தான் மோசம். 12 மில்லிமீற்றர் கம்பி அங்கே 9.6. விட்டம் பத்தில் எட்டானால் பரப்பு 0.64தானே. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துரு தின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் கொடுக்கிற கணக்கு, என் வீட்டுத் தலையிலேயே நிற்கிறது என்று நினைக்கவில்லை.

தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "சரி அக்கா, பாருங்கோ" என்று மட்டும் எழுதினான்.

கொட்டியாரக்குடா:

அந்தக் கம்பியில் புதுக் கம்பியைக் கட்டித் தூணை ஏற்றக் கூடாது. ஒன்றரை அடி நீளமே போதாது, பழைய கம்பியும் புதுக் கம்பியும் விட்டத்தைப்போல் 40, 50 மடங்கு நீளத்துக்கு மேவி வரவேண்டும், அதாவது 12 மில்லிமீற்றர் கம்பிக்கு இரண்டடிக்குக் கிட்ட. குசினிப் பீமுக்கு நாளைக்கே இரண்டு ஜக் வாடகைக்கு எடுத்துக் கொடுத்துவிடுங்கோ, அதற்குக் கீழே அடுப்பு வேண்டாம்.

கடலிலிருந்து மூன்று நிமிடம் என்றீர்களே, உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் வந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும், 1981ஆம் ஆண்டுச் சட்டம். சபை அனுமதி மட்டும் காணாது. கொந்தராத்து எழுதமுன் அதையும் பார்த்துவிடுங்கோ.

கொந்தராத்துக்காரருக்கு ஒளிக்காமல் முதலே சொல்லுங்கோ. "உங்களில் நம்பிக்கை இல்லாமல் இல்லை, தம்பி வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப எழுத்தில் ஒன்று கேட்கிறான்" என்றால் முடிந்தது. வெளிநாட்டுத் தம்பிகள் இதற்கு நல்ல சாட்டு.

வாடைக்காற்று:

ஐந்து கிழமைக்குப் பிறகு வருகிறேன். கேட்டவர்களுக்காக முழுதாக எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு பட்டயப் பொறியியலாளர் வந்தார், அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர், கூட ஒரு பொடியன். காலை ஏழரைக்கு வந்து பின்னேரம் நாலு மணிவரை நின்றார்கள். முதலில் சின்னச் சுத்தியலோடு பீம் எல்லாம் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கிண்ணென்று கேட்டது, குசினியில் வெறும் டப்பா மாதிரி. கம்பி தேடுகிற ஒரு கருவியைச் சுவரில் இழுத்துக்கொண்டு போக அது கீச்சிட்டது, கவர் சில இடத்தில் 12 மில்லிமீற்றர். பிறகு குசினித் தூணில் ஒரு சின்னக் குழி கொத்தி, ஊதித் தூசு எடுத்துவிட்டு, ஒரு போத்தலிலிருந்து ஏதோ தெளித்தார். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பினோப்தலீன், பத்தாம் வகுப்பில் காரத்துக்குப் போடுவது! குழியின் உள்பக்கம் நாவல்பழச் சாறு மாதிரிச் சிவந்தது, வெளிப்பக்கம் ஓரங்குலத்துக்கு நிறமே வரவில்லை. நிறம் வராத இடத்தில், கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிற கொங்கிறீற்றின் காரத்தன்மை போய்விட்டது, கம்பி அதற்குள்தான் கிடக்கிறது என்றார். உப்பு எவ்வளவு என்று பார்க்கத் துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்.

பின் விறாந்தைத் தூணுக்குப் பக்கத்தில் தோண்டிப் பார்த்தோம். பாதம் இரண்டே முக்கால் அடி. இன்னொரு தூணில் மூன்றரை. ஏன் இரண்டு அளவென்று அம்மாவிடம் கேட்டேன், "அந்த மாதம் சீமெந்து கிடைக்கவில்லை, பாதை பூட்டியிருந்தது" என்றா. அது எந்த வரைபடத்திலும் இருந்திருக்காது.

ரிப்போட் ஒன்பது பக்கம், என் பெயருக்கு. இரண்டு தட்டு ஏற்ற முடியாது, நேராக அப்படியே எழுதியிருக்கிறார். ஒரு தட்டு ஏற்றலாம், ஆனால் மேலே சிலாப் இல்லை, இரும்புச் சட்டத்தில் தகரக் கூரை, உள்சுவர் எல்லாம் பாரம் குறைந்த பலகை. அதற்கும் முதலில் நாலு பாதத்தை அகட்டி, ஐந்து தூணுக்குச் சுற்றிவரக் கம்பி கட்டிக் கொங்கிறீற்று உறை போடவேண்டும். பழைய நீட்டுக் கம்பிகளைச் சிலாப் மட்டத்தில் வெட்டிவிட்டு, துளையிட்டுப் பசை வைத்துப் புதுக் கம்பி. குசினிப் பீமில் கழன்ற கொங்கிறீற்றைக் கம்பிக்குப் பின்னாலும் எடுத்து, துருவைத் துப்புரவாக்கி, மேலதிகக் கம்பி சேர்த்துத் திருத்துவது, அதுவரை ஜக் எடுக்கக் கூடாது. தண்ணீர்த் தாங்கி இரண்டும் வீட்டில் ஏறவே கூடாது, முருங்கை மரத்தடியில் தனி மேடை.

ஆறு அறை மூன்றாகிவிட்டது. தம்பி இரண்டு நாள் கதைக்கவில்லை, பிறகு எடுத்து, மூன்றாவது அறைக்குக் கடல் தெரியுமா என்று கேட்டான். கொந்தராத்துக்காரர் முதலில் முகத்தைத் திருப்பினார். ரிப்போட்டை வாங்கிக்கொண்டு போய் வாசித்துவிட்டு வந்து, "பாதம் இவ்வளவு சின்னதென்று தெரிந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்" என்றார். நம்புகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. வேலையை அவரிடமே கொடுத்திருக்கிறேன், உறை போடும்போது கொங்கிறீற்று ஊற்றமுன் கம்பியைப் பார்க்க அந்த இஞ்சினியர் இரண்டு தடவை வருவார், அதற்கு வேறாகக் காசு.

மட்டிக்களி மேசன்:

உறை போடுகிற வேலை தெரியாத ஆட்களிடம் விடவேண்டாம் ரீச்சர். பழைய தூணைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தண்ணீர் பிடித்து ஊறவிட்டுத்தான் ஊற்றவேணும், இல்லாவிட்டால் சட்டை போட்ட மாதிரித் தனியாக நிற்கும். ஆள் தேவையென்றால் சொல்லுங்கோ, நான் வருவேன். கவர் கட்டை நானே வார்த்துக்கொண்டு வருவேன், 40 மில்லிமீற்றர்.

வாடைக்காற்று:

சொல்கிறேன் அண்ணை. நேற்றுக் கம்பி வெட்ட ஆள் வந்தது. ஒரு கம்பியில் மட்டும் அப்பா வைத்த போத்தலின் கழுத்து இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது, மூடியோடு. அதை அம்மா கேட்டு வாங்கி வைத்திருக்கிறா.